எழுபது போடாத அக்கா

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய டிஷ்யூ தாளை எடுத்துக் கோப்பிக் கடை மேசையில் பிரித்தார். நான் அப்போது ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருந்தேன். நனைத்த ரொட்டி அப்படியே கோப்பிக்குள் விழுந்தது. விழுந்ததை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

தாளின் நடுவில் ஒரு வெள்ளி டாலர். வெள்ளைக்காரன் காலத்துக் காசு. ஒரு பக்கம் கிரீடமும் தாடியுமாக ராஜா, மறுபக்கம் பூவேலைக்கு நடுவே சீன எழுத்தும், அரபு மாதிரி வளைகிற மலாய் ஜாவி எழுத்தும். இந்த மாதிரி காசு நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“வீட்ட ரிப்பேர் பண்றோம்ல, சாமி அலமாரிய நகத்துனப்ப கெடைச்சிச்சு. ஒனக்குத்தான் பழைய காசுன்னா உயிராச்சே” என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே ராஜாவின் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தூக்கப் போனார்.

“ஓரத்தப் பிடிண்ணே! ஓரத்தப் பிடி!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த குச்சிகளைக் கீழே போட்டுவிட்டார். அண்ணன் மாணிக்கம் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். தாப்பாவிலிருந்து மலைமேல் ஏறும் வளைவுகளில் கூட அவர் அப்படிப் பிரேக் போட்டிருக்க மாட்டார். கை அந்தரத்தில் நின்றது.

வெள்ளிக் காசை எப்போதும் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். விரல் வியர்வை முகத்தில் பட்டால் ரேகை பதிந்துவிடும், பதிந்தது போகாது. இதை என் பிள்ளைகளுக்கு ‘அ, ஆ’ சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

நான் காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, வாசல் பக்கமிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மெல்லச் சாய்த்தேன். வெளிச்சம் ராஜாவின் காதருகே தொடங்கி, வட்டமாக ஓடி, தாடிக்குக் கீழே வந்து, மறுபடி காதுக்குப் போனது. பழைய காசு சேர்க்கிற எங்கள் கூட்டத்தில் இதைச் ‘சக்கரம்’ என்போம். கை மாறிக் கை மாறிப் புழங்கிய காசில் இந்தச் சக்கரம் சுற்றாது. அச்சிலிருந்து விழுந்த நாளில் இருந்த மெருகு அப்படியே இருந்தால்தான் சுற்றும்.

எனக்கு வாயெல்லாம் பல்.

பல்லும் காசும்

நான் போன வாரம் இந்தப் பகுதியில், பல் மருத்துவமனையில் தாதியாக இருந்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “பல்லைப் பார்த்த நீங்கள் காசுக்கு எப்படி வந்தீர்கள்?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். எனக்கு அது இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. ஊரார் வாயில் விளக்கடித்துப் பார்த்தே என் பாதி ஆயுசு போனது. பல் தானாகத் தேய்ந்ததா, யாராவது வெறியோடு தேய்த்துத் தேய்த்துத் தேய்ந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். காசிலும் அதே கேள்விதான்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சீனப் பெரியவர் வெள்ளி டாலர் ஒன்றைக் காட்டி, “புதுசு மாதிரி இருக்கு பாரு தங்கச்சி” என்று நல்ல தமிழில் சொன்னார். அவர்தான் லெக் அங்கிள். தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன். நம்மைவிடச் சுத்தமாகத் தோட்டத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கண்டனீஸ் சீனத்துக்குப் போய்விடுவார்.

நான் அந்தக் காசை வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். பளபளவென்றிருந்தது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை. ராஜாவின் தாடி இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

“அங்கிள், இதப் பற்பசை போட்டுத் தேச்சிருக்காங்க” என்றேன்.

“நான் தேய்க்கல லா! எனக்கு வித்தவன் தேச்சிருப்பான்.”

“யாரு தேச்சா என்ன? புதினா வாசம் வருது.”

அவர் காசைப் பிடுங்கி முகர்ந்தார். முகம் விழுந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே என்னைக் கோப்பிக் கடையில் கூடும் அவர்களுடைய காசுக் கூட்டத்துக்கு இழுத்துப் போனார். அதன்பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை அல்ல.

நம் ஆட்கள் காசை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் இந்தத் துறையில் இருப்பதைக் கேள்விப்பட்டு எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்த வெள்ளி டாலரைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். பாதிக் காசில் கழுத்துச் சங்கிலியில் கோர்க்க வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். மீதிப் பாதியைப் பொங்கலுக்குப் பொங்கல் புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருப்பார்கள். ராஜாவுக்கு மூக்கும் இருக்காது முழியும் இருக்காது.

“நல்லா சுத்தமா வெச்சிருக்கோம் பாருங்கக்கா” என்று பெருமையோடு நீட்டும்போது நான் என்ன சொல்வேன்? “ரொம்ப சுத்தமா இருக்கும்மா” என்பேன். அது பொய்யில்லை.

எழுபது

காசின் தரத்தை ஒன்றிலிருந்து எழுபது வரை எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்றால் இது காசு என்று சொல்லலாம், அவ்வளவுதான். அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. எழுபது என்றால் குறையே இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு கீறல் கிடையாது.

பழைய வெள்ளி டாலர் எழுபது வாங்குவது நடக்கிற காரியமில்லை. பாவம், அவை பிறந்த அன்றைக்கே மூட்டையில் கொட்டப்பட்டு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டவை. கடையில் கால் வைக்காத காசுக்கும் கன்னத்தில் ஒரு சிராய்ப்பு இருக்கும். அதனால் நான் யாருடைய காசுக்கும் எழுபது போட்டதில்லை. புத்தம்புதுசாக வெளியிட்டு, பெட்டியில் வைத்து விற்கிற நினைவுக் காசைக் கொண்டுவந்தால்கூட எங்கேயாவது ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து ஒன்றைக் குறைத்துவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதுதான் நான்.

கூட்டத்தில் இளவட்டங்கள் எனக்கு வைத்த பெயர் ‘எழுபது போடாத அக்கா’.

நான் என்னையும் விட்டுவைப்பதில்லை. காலையில் கண்ணாடி முன் நின்றால், இடது புருவத்துக்குக் கீழே ஒரு தழும்பு, இடது கண் வலதைவிட ஒரு மயிரிழை சிறிது, நெற்றியில் மூன்று கோடு. நன்கு புழங்கியது, ஆனால் யாரும் தேய்க்காதது என்று முடிவு செய்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்கு என்ன தரம் என்பதை இங்கே எழுத வேண்டாம், அவரும் இந்த வார இதழைப் படிக்கிறார்.

மயில் நிற ராஜா

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன்.

எங்கள் கூட்டத்தார் ஒவ்வொருவராக வந்து உட்கார, அண்ணன் கொண்டுவந்த காசு மேசையைச் சுற்றிக் கை மாறியது. ஒவ்வொருவரும் ஓரத்தைப் பிடித்தார்கள், நான் ஒவ்வொரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் தேய்கிற இடங்கள் புருவம், காது, கிரீடத்தின் முத்துகள். எல்லாம் அப்படியே இருந்தன. கன்னத்தில் மட்டும் ஒரு சின்னச் சிராய்ப்பு.

அழகு வேறொன்றில் இருந்தது. காசு முழுக்க ஒரு நிறம் ஏறியிருந்தது. நடுவில் இளமஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகச் சிவப்பு, விளிம்பில் மயில் கழுத்து நீலம். அந்த நிறத்துக்குள் கட்டம் கட்டமாக மெல்லிய நெசவுத் தடம் தெரிந்தது. வெள்ளி பல வருஷம் துணியில் கிடந்தால் இப்படி ஆகும். இதைச் செயற்கையாகச் செய்வது லேசில்லை.

“துணியில சுத்தி வெச்சிருந்தாங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“ஏதோ ஒரு பழைய துணி லா. பிரிச்சி எடுத்தேன். அது எங்க போச்சோ.”

அவர் முன்பே சொன்ன ‘சாமி அலமாரி’யும் இப்போது சொன்ன ‘பழைய துணி’யும் என் காதில் விழுந்தன, மண்டையில் ஏறவில்லை. ராஜா என் மூளையைக் கொண்டுபோய்விட்டார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தரம் பார்த்து முத்திரை போட்டுத் தருகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒரு காசை அனுப்புவதற்கு முன்னால், ஆளுக்கொரு டிஷ்யூ தாளில் எண்ணை எழுதி மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவோம். காசு கெட்டியான கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பி வந்ததும் பிரித்துப் பார்ப்போம். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணிலிருந்து ரொம்பத் தள்ளிப்போனவர் எல்லோருக்கும் வெள்ளைக் கோப்பி வாங்கித் தர வேண்டும்.

நான் அறுபத்தைந்து என்று எழுதினேன். லெக் அங்கிள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார்.

“அறுவத்தஞ்சா? கீலா ஆ நீ? பைத்தியமா? அறுவத்திமூணு தாண்டாது.”

“கன்னத்துக் கீறலுக்கு ரெண்டு கொறைப்பீங்களா?”

“கொறைப்பேன் லா! உன் மூஞ்சியில இருந்தா கொறைக்க மாட்டேன், ராஜா மூஞ்சியில இருக்கு.”

அண்ணன் எங்கள் சண்டையைப் பார்த்துவிட்டு எழுந்தார். “நீயே வெச்சிக்க வசந்தா. எனக்கு இது வெறும் காசு. ஒனக்குத்தான் இது மொகத்துல சிரிப்பக் கொண்டாருது” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் பெட்டியில் சேர்ந்தவை எல்லாம் ஐம்பது, ஐம்பத்தைந்து. ஒன்றே ஒன்று அறுபதை எட்டிப்பிடித்தது. அறுபத்தைந்து போடக்கூடிய ஒரு வெள்ளி டாலர், என் பெயர் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் என் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. பிறத்தியாருக்கு அது அற்பமாகத் தெரியலாம். எனக்கு அது ஆசை, அவ்வளவுதான்.

அது உன் கண்ணுடி

மறுநாள் மத்தியானம் காசை மென்மையான உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, அனுப்பத் தயாராக்கினேன். சும்மா இருக்க முடியவில்லை. தாப்பாவில் இருக்கும் என் அக்கா தனத்துக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். அக்கா எனக்குப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். எனக்குத் தாயில் பாதி.

“அண்ணன் வீட்டு சாமி அலமாரியில இருந்துச்சாம்க்கா. துணியில சுத்தி வெச்சிருந்தாங்களாம். என்னா நெறம் தெரியுமா, மயிலு மாதிரி!”

“என்ன துணி?”

“பழைய துணியாம்.”

“மஞ்சத் துணியா?”

“தெரியலியே.”

போனில் அக்கா மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“அடியேய் வசந்தா, அது காசு இல்லடி. அது உன் கண்ணு.”

எனக்குப் புரியவில்லை. அக்கா சொல்லச் சொல்லப் புரிந்தது.

நாங்கள் பிறந்தது சுங்காய்க்கு உள்ளே ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். எனக்கு மூன்று நான்கு வயதில் அம்மை போட்டது. மேலெல்லாம் முத்து, கண்ணுக்குள்ளும் முத்து. இமை ஒட்டிக்கொண்டு திறக்கவேயில்லையாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து விட்டார்கள், கண் பிழைக்குமா என்று சொல்லவில்லை. அம்மா தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், “எம் பிள்ளை கண்ணத் தொறந்தா ஒனக்குக் கண்மலர் செஞ்சி போடுறேன் தாயே” என்று வேண்டிக்கொண்டு வந்தாளாம். அம்மன் முகத்தில் பதிக்கிற வெள்ளிக் கண் இரண்டுக்குத்தான் கண்மலர் என்று பெயர்.

“அம்மாகிட்ட கல்யாணத்துல குடுத்த டாலர் காசு நாலஞ்சி இருந்துச்சி. டிரங்குப் பெட்டியிலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு லயத்து வீட்டு வாசலுக்கு வந்தா. ஒவ்வொண்ணா வெயில்ல இப்பிடித் திருப்பி, அப்பிடித் திருப்பி, சாய்ச்சி சாய்ச்சிப் பாத்தாடி. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்னாம்மா பாக்கறேன்னு கேட்டேன். ‘சாமிக்குக் குடுக்கறது, இருக்கறதுலயே நல்லதா இருக்கணும்’னா. ஒண்ண எடுத்து மஞ்சத் துணியில முடிஞ்சா. அதான் இது.”

நான் அட்டைப் பெட்டியைத் திறந்து காசை வெளியே எடுத்தேன்.

என் கண் திறந்தது. ஆனால் அந்த வருஷமே துரைமார் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அடுத்த திருவிழாவுக்குப் போடலாம், அதற்கடுத்த திருவிழாவுக்குப் போடலாம் என்று தள்ளிக்கொண்டே போனதாம். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை அரிசிக்கே கஷ்டம் வந்தது. அந்த முடிச்சை மட்டும் அம்மா தொடவில்லை, யாரையும் தொட விடவும் இல்லை. கடைசிக் காலத்தில் அண்ணனோடு இருந்தபோது அங்கே சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதனால்தான் அந்தக் காசு தேயவில்லை. அறுபத்தைந்து என்று நான் போட்டது ராஜாவுக்கு அல்ல, என் அம்மாவுக்கு.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கண்ணைத் துடைக்கும்போது, ‘இந்தக் கண்தானே’ என்று தோன்றி இன்னும் கொஞ்சம் அழுதேன். ஆனால் அது துக்க அழுகை இல்லை. அம்மாவும் காசைச் சாய்த்துப் பார்த்திருக்கிறாள்! நான் ஏதோ பல் விளக்கிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், அக்கா சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட அண்ணியிடமிருந்து போன் வந்தது. “ஒங்கண்ணன் அந்த மஞ்சத் துணியக் குப்பையில போட்டுட்டாரு. மஞ்சத் துணிய யாராச்சும் குப்பையில போடுவாங்களா? நான் எடுத்து வெச்சிருக்கேன்” என்றார். போய் வாங்கி வந்தேன். நிறம் போயிருந்தது, மடிப்பில் மட்டும் மஞ்சள் மீதமிருந்தது. காசை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். துணியின் நெசவும் காசின் கட்டமும் இழைக்கு இழை பொருந்தின.

லெக் அங்கிளின் தேய்ந்த காசு

அடுத்த ஞாயிறு கோப்பிக் கடையில் நான் விஷயத்தைச் சொன்னேன். கண்மலர் செய்வதென்றால் காசை உருக்க வேண்டும். மேசையே எழுந்து நின்றது.

“கடையில ரெடிமேடா வெள்ளிக் கண்ணு இருக்குல்ல, வாங்கிப் போட்டுருவோம். இது ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார் அண்ணன். அவருக்கு என் ஆசை தெரியும். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

லெக் அங்கிள் முதலில் கண்டனீஸுக்குப் போனார். போய்விட்டுத் தமிழுக்குத் திரும்பினார். “இந்த மாதிரி காசு இன்னொண்ணு நான் சாவறதுக்குள்ள பாக்க மாட்டேன். இதப் போயி உருக்குவியா?”

“நேந்துக்கிட்டதாச்சே, அங்கிள்.”

லெக் அங்கிளுக்கு அது புரியும். அவர் வீட்டு வாசல் மரத்தடியில் நாத்தோ கோங் சாமிக்கு ஒரு சின்னச் சிவப்பு மாடம் இருக்கிறது. அதற்குச் சொன்னதை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. மகள் பரீட்சை தேறினால் வறுத்த கோழி என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு கோழி படைத்தவர் அவர்.

“சாமிகிட்டச் சொன்னா குடுக்கணும். அது சரி” என்றார் மெல்ல. பிறகு அவர் முகம் வெளிச்சமானது. பையைத் துழாவி ஒரு வெள்ளி டாலரை எடுத்து என் முன் வைத்தார். அதே ராஜா, அதே அச்சு. ஆனால் புருவம் இல்லை, காது இல்லை, ஓரத்தில் ஓட்டை. “இத எடுத்துக்க. நான் சும்மா குடுக்கறேன். டாலரும் டாலரும் ஒண்ணு, வெள்ளியும் வெள்ளியும் ஒண்ணு. இத உருக்கிக் கண்ணு செய்யி. அத நீ வெச்சிக்க. சாமிக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு. எப்புடி?”

மேசையில் எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையில் நல்ல யோசனைதான். எனக்குள்ளே இருந்த பேராசைக்காரி துள்ளி எழுந்தாள். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அறுபத்தைந்து, ஒன்று எட்டோ பத்தோ. அம்மா வெயிலில் நின்று நாலைந்து காசைச் சாய்த்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவள் தள்ளிவைத்த காசுகள் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

“மாட்டேன் அங்கிள்.”

“ஏன் லா? சாமிக்குக் காசோட தரம் தெரியுமா?”

“எனக்குத் தெரியுமே.”

அவர் என்னைப் பார்த்தார். பற்பசை வாசத்தை முகர்ந்த அன்றைக்குச் சிரித்தது போலவே வயிறு குலுங்கச் சிரித்தார். தன் ஓட்டைக் காசைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். “பெரிய தொல்லை பிடிச்ச பொம்பள நீ” என்று சொல்லி, எல்லோருக்கும் வெள்ளைக் கோப்பி சொன்னார்.

ராஜாவின் தாடி

ஈப்போவில் நம் ஆட்கள் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு நகைக் கடை. மாடியில் பத்தர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பந்து விளையாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்வார். கோல் விழுந்தால் சுத்தியல் ஒரு நொடி நிற்கும்.

காசை வாங்கியவர் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார். “அக்கா, நெஜமாவா?”

“நெஜமாத்தான். ஓரத்தப் பிடிங்க தம்பி.”

“உருக்கப் போற காச ஓரத்துல வேற பிடிக்கணுமா?”

“உருகற வரைக்கும் பிடிக்கணும்.”

மூசைக் கிண்ணத்தில் வைத்துத் தீயை ஊதினார். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. கண்ணுக்காகக் கொடுக்கிற காசு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது நன்றாக இல்லை. திறந்தே வைத்திருந்தேன். மயில் நீலம் முதலில் போனது. அப்புறம் ஓரம் வளைந்தது. ராஜாவின் தாடி வழிந்தது, கிரீடம் வழிந்தது. கடைசியாக எல்லாம் உருண்டு, சின்னச் சந்திரன் மாதிரி ஒரு வெள்ளிக் குண்டு மூசைக்குள் ஆடிக்கொண்டு நின்றது.

“ஐயோ, என் அறுவத்தஞ்சி!” என்றேன் சத்தமாக.

“அறுவத்திமூணு” என்றார் எனக்குப் பின்னால் நின்ற லெக் அங்கிள். காசை வெளிநாட்டுக்கு அனுப்பாததால் இந்தத் தகராறு இன்றுவரை தீரவில்லை. மடித்த டிஷ்யூ தாள்கள் கடைக்காரரின் இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன.

செம்பனைக்கு நடுவே

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. எங்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். லயங்கள் இருந்த இடத்தை அண்ணன் கைகாட்டினார், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கோயில் இருக்கிறது. புதுச் சாயம் பூசி, தகரக் கொட்டகை போட்டு, நன்றாகவே இருக்கிறது. திருவிழா அன்றைக்கு ஈப்போவிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் தஞ்சோங் மாலிமிலிருந்தும் கார்கள் வந்து செம்பனை வரிசைகளுக்கு நடுவே நிறைந்துவிடும்.

நாங்களும் போனோம். என் வீட்டுக்காரர் காரை ஓட்டினார். அண்ணன், அண்ணி, தாப்பாவிலிருந்து தனம் அக்கா, இவர்களோடு லெக் அங்கிள். அவர் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இருந்தது. “கோயிலுக்கு எதுக்கு அங்கிள் இது?” என்றேன். “பழக்கம் லா” என்றார்.

மேளம் காதைப் பிளந்தது. சாம்பிராணிப் புகையும், கொட்டகைக்குப் பின்னால் கொதிக்கிற சாம்பார் வாசமும் சேர்ந்து வந்தன. தனம் அக்கா தன் பழைய சிநேகிதிகள் நாலு பேரைக் கண்டுபிடித்து, “கண்ணு தெரியாம இருந்துச்சே, எங்க வசந்தா, அவதான் இவ” என்று என்னை இழுத்து இழுத்துக் காட்டினாள். ஒவ்வொருத்தியும் என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி என் கண்ணை உற்றுப் பார்த்தாள். நான் இத்தனை வருஷம் காசுக்குச் செய்ததை அன்றைக்கு எனக்குச் செய்தார்கள்.

பூசாரி கண்மலரை மஞ்சள் துணியோடு வாங்கிக்கொண்டார். அதே பழைய துணிதான். அம்மன் முகத்தில் சந்தனம் அப்பி, இரண்டு கண்ணையும் பதித்தார். தள்ளி நின்று பார்த்தார், திருப்தியில்லை.

“கோணலா இருக்கா பாருங்கக்கா. நீங்கதான் காசு பாக்கற ஆளாமே.”

எல்லோரும் வழிவிட்டார்கள். நான் முன்னால் போனேன். என்னையறியாமல் என் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பத்தர் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் இடது கண் வலதைவிட ஒரு மயிரிழை சிறிதாக அமைந்துவிட்டது. அதன் மேல் விளிம்பில், புருவத்துக்குக் கீழே, சுத்தியல் பட்ட சின்ன வடு ஒன்று. இரண்டையும் பார்த்தேன், தினமும் கண்ணாடியில் பார்ப்பவைதான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

பூசாரி சூடத் தட்டை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினார். வெளிச்சம் அம்மனின் வலது கண்ணில் தொடங்கி, வட்டமாக ஓடி, இடது கண்ணுக்கு வந்து, மறுபடி வலது கண்ணுக்குப் போனது. சக்கரம் சுற்றியது.

தனம் அக்கா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடக்கவே முடியவில்லை.

லெக் அங்கிள் என் காதருகே குனிந்தார். “எத்தனை போடுவ?” என்று மெல்லக் கேட்டார்.

“எழுபது” என்றேன்.